நடுக்கோடு

திருநகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் கட்டுவது என் தொழில். மேடம் முதன்முதலில் அங்கே வந்த அன்று, ஒரு பெரியவருக்கான மேல் செட்டுக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதை முடிச்சிட்டு வாரேன் மேடம், உக்காருங்க" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கைகளுக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. நான் பல்லெல்லாம் அடுக்கி, மெழுகை ஈறு மாதிரி செதுக்கி, நெருப்பில் காட்டிப் பளபளப்பாக்கி, தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"முன்பல்லுக்கு அடுத்த பல்லு ரெண்டும் மாறியிருக்கு. வலது பக்கத்துப் பல்லு இடதுல இருக்கு. இடது பக்கத்துது வலதுல இருக்கு."

குனிந்து பார்த்தேன். மாறித்தான் இருந்தது.

"எப்ப மேடம் பாத்தீங்க?"

"நீ வைக்கும்போதே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பச் சொன்னா மாத்தி வச்சிட்டு மறந்திருப்ப. இனிமே மறப்பியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரப் பொம்பளை என்று நினைத்தேன். ஆனால் நான் குனிந்து பார்த்த அந்த நொடியில் அவர் பல் செட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அன்றே கவனித்தேன். கவனித்தும் அதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோதாவரிப் பக்கத்துச் செம்மண்ணில் கிடைத்த மண்டை ஓடுகள்தான் அவர் வேலை. மனிதனே இல்லாத காலத்தில் வாழ்ந்த முதலைச் சாதி, அதோடு ஒரே குளத்தில் கிடந்த பெரிய தவளைச் சாதி. எலும்பெல்லாம் கல்லாகிப் போனவை. அவற்றைத் தொட்டுத் தொட்டு அளந்தால் உதிர்ந்துவிடும். அதனால் பல் அச்சு எடுக்கும் சிலிகானில் அச்செடுத்து, ஸ்டோன் என்கிற கெட்டிப்படும் மாவைக் குழைத்து நகல் வார்த்துத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்படித்தான் என் வாசலுக்கு வந்தார்.

மண்டை ஓட்டைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வேறு ஆள். சேலைத் தலைப்பால் அடியில் தாங்கிப் பிடிப்பார். "பாத்தியா, நம்ம ஊரு முதலைக்கு மூக்கு மூஞ்சி நுனியில இருக்கும். இவருக்குக் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு. அதனால இவரு முதலை இல்ல. முதலைக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பா" என்பார். தவளைச் சாதியின் தட்டை மண்டையைத் தடவி, "இவரு வாயைத் திறக்க தாடையைக் கீழ இறக்க மாட்டாரு. அடிமண்ணுல தாடை கிடக்கும். தலையை மேல தூக்குவாரு, பெட்டி மூடியைத் தூக்குற மாதிரி. மீன் பக்கத்துல வர்ற வரைக்கும் எம்புட்டு நேரமானாலும் அசையாம கிடப்பாரு" என்று சொல்லும்போது அவர் முகம் இளகிவிடும்.

இரண்டு சாதிகளையும் பிரித்துப் பார்க்க அவர் சொன்ன அடையாளம் எனக்கு உடனே பிடிபட்டது. மண்டை கழுத்தோடு சேரும் இடத்தில், பின்பக்கம், ஒரு குமிழ் இருக்கும். முதலைக்கும் அதன் சொந்தங்களுக்கும் ஒரே ஒரு குமிழ், நட்ட நடுவில். தவளைச் சாதிக்கு இரண்டு, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"நமக்கு மேடம்?"

"ரெண்டு. கோழிக்கு ஒண்ணு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழித் தலையைக் கேட்டு வாங்கி, வேகவைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுதான். என் வீட்டுக்காரர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஏத்தா, சோறு போடுவியா, கோழிக்கு ஜாதகம் பாப்பியா?" என்றார்.

மேடத்தின் தங்கை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டினார். வாரம் ஒரு முறையாவது மேடம் அங்கே போய் நின்று பார்ப்பார். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். கொத்தனாரோடு பேசுவார், தண்ணீர் ஊற்றச் சொல்வார். கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சி, எல்லோரும் மாடிக்கு ஏறப் போகும்போது, கையில் கேசரியோடு மேடம் சொன்னார்:

"நாலாவது படி மட்டும் ஒன்றரை அங்குலம் உசரம் கூட. பாத்து ஏறுங்க. இந்த வீட்டுல யாராச்சும் விழுந்தா அந்தப் படியிலதான் விழுவாங்க."

தங்கையின் மாமியார் கூட்டத்தில் இருந்தார். எல்லோரும் நின்றுவிட்டார்கள். தங்கை, "எப்பக்கா பாத்த?" என்று கேட்டார்.

"பலகை அடிக்கும்போதே."

அது காங்கிரீட் போடுவதற்கு முன்பு. ஒரு வார்த்தையில் சரியாகியிருக்கும். தங்கை அந்த இடத்திலேயே அழுதார். மேடம் கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினார். படி உண்மையிலேயே உயரம்தான். பிறகு ஒருநாள் நானே அளந்து பார்த்தேன்.

அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் அவரைத் திட்டுவதற்கும் யாருக்கும் வழியில்லாமல் இருந்தது. 'மேடம் உள்ளதைத்தானே சொன்னாங்க' என்று அடிபட்டவர்களே சொல்வார்கள். அவர் துறையில் ஒரு மாணவி மூன்று மாதம் உட்கார்ந்து தவளை மண்டையின் படங்களை வலது இடது மாற்றி வரைந்திருக்கிறாள். தினமும் அவள் மேசையைக் கடந்து போனவர், வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் முன்னால்தான் அதைச் சொன்னார். அந்தப் பெண் அதற்குப் பிறகு கண்ணாடியில் முகம் பார்க்கும்போதுகூட எது வலது என்று யோசிப்பதாக யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

அழகுராஜாவை அவர்தான் என்னிடம் அனுப்பினார். அதே துறையில் விரிவுரையாளர். திருவாதவூர்க்காரர். அவர் அப்பாவும் அம்மாவும் ஊரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டுப் படிக்கவைத்த பிள்ளை. என்னைப் பார்த்த முதல் நாளே அக்கா என்றார். மேடத்தின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவர், மேடம் வெளியூர் போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வருகிறவர். மேடத்துக்கும் அவருக்கும் ஒரு நாளும் ஒரு சொல் தடித்ததில்லை. ஏதாவது பகை இருந்திருக்குமா என்று பின்னால் நான் எவ்வளவோ பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். இல்லை.

அழகுராஜா கொண்டுவந்தது ஒரே குழியில் துண்டு துண்டாகக் கிடைத்து, பத்து வருஷமாக அவர் ஒட்டிச் சேர்த்த மண்டை. முன்னால் முதலைச் சாதியின் நீள மூஞ்சி. பின்பாதி அகலமாக, தட்டையாக, தேன்கூடு மாதிரிக் குழிகுழியாக இருந்தது. நடுவில், கண் இருக்கவேண்டிய துண்டு கிடைக்கவில்லை. அங்கே பிளாஸ்டர் வைத்து இணைத்திருந்தார். பின்னால் ஒரு குமிழ். இடது ஓரம் உடைந்து போயிருந்தது.

"இது மாதிரி தட்டைத் தலை உள்ள முதலைச் சொந்தம் உலகத்துல எங்கயும் கிடைக்கலக்கா" என்றார். "எங்க அப்பா ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, எம்மகன் முதலை கண்டுபிடிச்சிருக்கான்னு."

சிலிகான் பூசி, இறுகவிட்டு, உரித்து, ஸ்டோன் வார்த்தேன். மறுநாள் காலையில் நகலைக் கையில் எடுத்துப் பழக்க தோஷத்தில் நடுக்கோடு தேடினேன். பல் செட் கட்டுகிறவளுக்கு அதுதான் முதல் வேலை. மூக்குக்கு நேரே கோடு கிழித்து, அதற்கு இரண்டு பக்கமும் பல் வைக்க வேண்டும். அழகுராஜா மண்டையில் நடுக்கோடு என்று பென்சிலில் குறித்திருந்தது நேராக ஓடியது. அது இரண்டு எலும்பு சேரும் தையல் இல்லை, விரிசல். தையல் நெளிந்து நெளிந்துதான் ஓடும். உண்மையான தையல் இரண்டு விரல் தள்ளி, மங்கலாக, நகலில் தெளிவாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் குமிழ் நடுவில் இல்லை. வலது பக்கமாக இருந்தது. அப்படியென்றால் உடைந்துபோன இடது பக்கத்தில் இன்னொரு குமிழ் இருந்திருக்க வேண்டும்.

பின்பாதி தவளைச் சாதி. மூஞ்சி மட்டும்தான் முதலைச் சாதி. இரண்டு மிருகத்தை ஒட்டி ஒன்றாக்கியிருக்கிறார்.

நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று நகலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக மேடம் வீட்டுக்குப் போனேன். அவர் நகலை வாங்கக்கூட இல்லை.

"ரெண்டு மிருகம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"அவன் ஒட்டுன அன்னைக்கே தெரியும்."

"அவருகிட்ட..."

"நீ சொல்லாத. பல்லு கட்டுறவ போய்ச் சொன்னா, பத்து வருசமா மண்டை பாக்குறவன் மூஞ்சி என்ன ஆகும்? நானே நேரம் பாத்துச் சொல்றேன்." பிறகு சொன்னார்: "என் டிபார்ட்மெண்ட்டுல பதினோரு பேரு இருக்கான். ஒருத்தன் கண்ணுக்கும் இது தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு. நல்ல கண்ணு உனக்கு."

பத்தாம் வகுப்போடு நின்று, பிறகு டிப்ளமோ படித்தவள் நான். அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. திருநகர் வரை பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அழகுராஜாவை நினைக்கவில்லை. மேடம்தான் சொல்கிறேன் என்றாரே, பிறகு எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் போனது. அழகுராஜா எழுதியதையெல்லாம் மேடத்திடம் காட்டுவார். "நல்லா எழுதியிருக்க" என்பார் மேடம். நன்றாகத்தான் எழுதியிருந்தார். அதிலும் பொய் இல்லை. இரண்டாவது நகல் வாங்க ஒருநாள் பட்டறைக்கு வந்த அழகுராஜா, டீயைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று கேட்டார்:

"அக்கா, இதை நீங்கதான் தடவித் தடவி அச்செடுத்தீங்க. எங்கயாச்சும் ஏதாச்சும் இடிக்குதா? உங்க கைக்குத் தோணுறதைச் சொல்லுங்க."

மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கென்ன தம்பி தெரியும்? நான் பல்லு கட்டுறவ" என்றேன்.

கல்லூரியில் கருத்தரங்கு நடந்தது. வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். நகல் செய்தவள் என்று எனக்கும் அழைப்பு. அழகுராஜாவின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து ஒரு வேனில் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். அழகுராஜா ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். படம் படமாகத் திரையில் வந்தது. முடித்ததும் நல்ல கைதட்டல்.

தலைமை மேடம்தான். எழுந்து மேசைக்கு வந்தார். என் நகல் அங்கே வெல்வெட் துணியில் இருந்தது.

"யாருகிட்டயாச்சும் நூல் இருக்கா?" என்று தமிழில் கேட்டார்.

மாலை கட்டியிருந்த நூலை யாரோ அறுத்துக் கொடுத்தார்கள். மேடம் அதை நகலின் மேல், உண்மையான தையலோடு நெளித்து, முன்னிருந்து பின்வரை வைத்தார். திரையில் அது பெரிதாகத் தெரியும்படி கேமராவைத் திருப்பச் சொன்னார். குமிழ் நூலுக்கு வலது பக்கம் நின்றது.

மேடையில் மேடம் நகலைத் தொட்டதும், மகனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து அழகுராஜாவின் அப்பா கைதட்டினார். அவரைப் பார்த்து வேனில் வந்த பன்னிரண்டு பேரும் தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை மேடம் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அழகுராஜா, இன்னொண்ணு எங்க?"

அவ்வளவுதான் கேட்டார். தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு பல பேர். அழகுராஜா நூலைப் பார்த்தார். குனிந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். விரலால் தையலைத் தொட்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மேடத்தைப் பார்த்தேன். முதல் நாள் என் பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

"என்னப்பா, என்ன கேக்குறாங்க?" என்று அவர் அப்பா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் அழகுராஜா வேலையை விட்டுவிட்டார். ஒத்தக்கடையில் ஒரு கோச்சிங் சென்டரில் நீட் தேர்வுக்கு உயிரியல் நடத்துவதாகச் சொன்னார்கள். என் பக்கம் வரவில்லை. போனும் இல்லை. அவமானம், யாரையும் பார்க்கப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். மேடத்துக்கும் நான் அதற்குப் பிறகு நகல் எதுவும் செய்யவில்லை. எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு டாக்டரிடமிருந்து எனக்கு அச்சு ஒன்று வந்தது. மேல் அண்ணத்தில் இடது பாதி இல்லை. புற்றுநோய்க்கு எலும்போடு எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வரும், பேச்சு மூக்குக்குள்ளேயே போய்விடும். அந்த ஓட்டையை அடைக்கப் பல்லோடு சேர்த்து ஒரு தட்டு செய்ய வேண்டும். சீட்டில் மேடத்தின் பெயர் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் 'அவங்களுக்கு நல்லா வேணும்' என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அந்த அச்சைப் பார்க்கப் பார்க்க வேறு எதுவும் தோன்றவில்லை, வேலைதான் தோன்றியது. என் கையில் அதுவரை செய்த எதையும்விட அதை நன்றாகச் செய்தேன். இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை. ஓரம் உரசுகிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை மேடமே ஆட்டோவில் என் பட்டறைக்கு வந்துவிட்டார். பாதி முகம் உள்ளே இறங்கியிருந்தது. பேசியது ஒன்றும் புரியவில்லை. கையால் காட்டினார். ஓரத்தை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துக் கொடுத்தேன். வாயில் பொருத்தி, தண்ணீர் குடித்தார். மூக்கில் வரவில்லை.

பிறகு பேசினார். பழைய குரல், பழைய தெளிவு.

"நீ முன்னாடியே பாத்துட்டேங்குறதை அழகுராஜாகிட்ட அன்னைக்குச் சாயந்திரமே சொல்லிட்டேன். உங்கிட்ட கேட்டுப் பாத்தேன்னு அவன் எங்கிட்ட சொல்லியிருந்தான். கேட்டும் நீ சொல்லலைன்னும் அவன்கிட்ட சொல்லிட்டேன்."

தேய்த்த தூசி என் மடியெல்லாம் கிடந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

இத்தனை வருஷம் அழகுராஜா என் பக்கம் வராததற்குக் காரணம் அவமானம் இல்லை, நான்தான் என்று அன்று முழுவதும் மனசு அரித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவாதவூருக்கு பஸ் ஏறினேன். அழகுராஜா வீட்டு வாசலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கக்கா, வாங்க! எம்புட்டு நாளாச்சு!" என்றார். முகம் நிறையச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை நின்றபடியே கொட்டிவிட்டேன். நகல் எடுத்த மறுநாளே பார்த்தது, மேடத்திடம் போனது, டீ குடிக்கும்போது அவர் கேட்டது, நான் சொன்ன பொய். "அன்னைக்கே மேடம் உங்ககிட்ட சொல்லிட்டாங்களாம் தம்பி. எனக்கு இப்பத்தான் தெரியும். என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் கையில் இருந்த சிவப்புப் பேனாவின் மூடியை மெதுவாகப் போட்டார்.

"மேடம் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றார்.

உள்ளேயிருந்து அவர் அப்பா சொம்பில் தண்ணீரோடு வந்தார். "முதலைக்கு அச்செடுத்த புள்ளதான? உக்காரு தாயி" என்றார். அழகுராஜா விடைத்தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அரை மணி நேரம் அந்தப் பெரியவரோடு மழையைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"நீங்க அவருகிட்ட சொல்லவே இல்லையாமே மேடம்."

"சொல்லல" என்றார். "இப்ப நீ சொல்லிட்டேல்ல."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது, பட்டறையில் சொன்ன அந்த ஒன்றுதான். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

"எம் பேச்சு அங்க தெளிவாக் கேக்குதா?" என்று கேட்டார்.

"கேக்குது மேடம்" என்றேன். ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது.